போஸ்ட்மாஸ்டர்களின் குறை

மத்திய சர்க்கார் சிப்பந்திகளின் சம்பள விகிதங்களை ஆராய்வதற்கு எட்டாவது கமிஷன் ஏற்பட்டிருக்கிறது. 2025ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் பிரஸ்தாபிக்கப்பட்டு, அக்டோபர் மாதக் கடைசியில் அதன் விசாரணை எல்லைகள் மந்திரி சபையின் சம்மதம் பெற்றன. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீமதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அதற்குத் தலைமை வகிக்கிறார். அறிக்கை சமர்ப்பிக்கப் பதினெட்டு மாதத் தவணை கொடுக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய கமிஷன் ஒன்று கூடும்போதெல்லாம் இலாகாக்கள்தோறும் மகஜர்கள் தயாராவது சகஜம். உரத்த குரல் உடையவர்கள் முன்னே வருவார்கள். டில்லியில் ஆள் உள்ளவர்கள் அதற்கும் முன்னே வருவார்கள். ஆனால் தேசத்தின் மூலை முடுக்குகளில் தபாலாபீஸ்களைத் திறந்து மூடி, பணத்திற்கும் கணக்கிற்கும் ஜவாப்தாரிகளாயிருக்கும் போஸ்ட்மாஸ்டர்கள் முதலிய மேற்பார்வைச் சிப்பந்திகளின் குறை, இந்த ஆரவாரத்தில் காதில் விழாமலே போய்விடக்கூடும். அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியது நமது கடமையென்று கருதுகிறோம்.

சுந்தரபாண்டியம் போன்ற ஓர் ஊரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ராஜபாளையத்தின் பஞ்சாலைகளை எல்லோரும் அறிவர். ஸ்ரீவில்லிபுத்தூரின் கோபுரமோ தமிழ்நாட்டு சர்க்காரின் முத்திரையிலேயே நிற்கிறது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், பாண்டியன் பெயரைத் தாங்கி நிற்கும் சுந்தரபாண்டியத்தை நெசவாளிகளும் குடியானவர்களும் அறிந்த அளவுக்குப் பட்டணத்தார் அறியார். இம்மாதிரி ஊர்களில் தபாலாபீஸ் என்பது கடிதம் வாங்கிக் கொடுக்கும் இடம் மாத்திரமன்று. சேவிங்ஸ் பாங்கி அங்கேதான், மணியார்டர் அங்கேதான், இன்ஷூரன்ஸ் பணம் கட்டுவதும், பெண் குழந்தையின் பெயரில் சேமிப்புக் கணக்கு ஆரம்பிப்பதும், கிழவிக்குப் பென்ஷன் வருவதும் அங்கேதான். பெரிய பாங்கிகள் லாபம் பார்த்துக் கிளை திறக்கும். தபாலாபீஸ் அப்படிப் பார்த்திருந்தால், தேசத்திலுள்ள 1,64,000க்கு மேற்பட்ட தபாலாபீஸ்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கிராமங்களில் இருந்திரா.

அப்படிப்பட்ட ஆபீஸை நிர்வகிப்பவனுடைய ஒரு நாள் எப்படியிருக்கிறது? காலையில் பை வந்ததும் முத்திரை சரியாயிருக்கிறதா என்று பார்த்து அறுக்க வேண்டும். பட்டியலோடு ரிஜிஸ்தர்க் கடிதங்களை ஒத்துப் பார்க்க வேண்டும். (ரிஜிஸ்தர்த் தபால் என்ற பழம்பெயர், 2025ஆம் வருஷத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் கலந்துவிட்டது, வேலை மாத்திரம் கலந்து கரைந்துவிடவில்லை.) தபால்காரரிடம் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஜன்னலில் குமாஸ்தா செலுத்தும் ஒவ்வொரு பெரிய தொகைக்கும் தன்னுடைய அடையாளக் குறியைப் போட்டுக் கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். மாலையில் கணக்கு ஒரு காசு தவறாமல் முடிய வேண்டும். முடிந்தபின் இரும்புப் பெட்டியின் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாத ஆபீஸானால் குமாஸ்தாவும் அவனே, கஜானாவும் அவனே, மேற்பார்வையாளனும் அவனே. தன்னைத் தானே மேற்பார்வை செய்யும் இந்த விசித்திரம் வேறு எந்த இலாகாவிலாவது உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

இவ்வளவிற்கும் அவனுக்குக் கிடைப்பது என்ன? குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மேலுக்குப் பார்த்தால் ஒரு குறையும் இல்லாததுபோல் தோன்றும்.

ஏழாவது கமிஷனின் அட்டவணைப்படி தபால் குமாஸ்தா நான்காம் நிலையில் மாதம் 25,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேருகிறான். லோயர் ஸெலக்ஷன் கிரேடு என்று சொல்லப்படும் முதல் மேற்பார்வைப் பதவிக்கு ஐந்தாம் நிலை; அதன் ஆரம்பம் 29,200 ரூபாய். அதற்கு மேலுள்ள ஹையர் ஸெலக்ஷன் கிரேடில் இரண்டு வகுப்பு உண்டு. ஒன்றிற்கு ஆறாம் நிலை, 35,400. மற்றொன்றிற்கு ஏழாம் நிலை, 44,900. ஏணி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஏணியும் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பதவி உயர்வு கிடைக்காமல் ஒரே இடத்தில் தேங்கிப் போகிறவர்களுக்காக 2008 செப்டம்பர் முதல் அமலில் உள்ள திட்டப்படி, பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் என்று சர்வீஸ் முடியும்போது, பதவி மாறாமலே சம்பள நிலை மாத்திரம் ஒவ்வொரு படி உயர்கிறது. நான்கிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஆறு, ஆறிலிருந்து ஏழு. அதாவது ஜன்னலை விட்டு நகராத குமாஸ்தா, வருஷம் போன கணக்கிலேயே, போஸ்ட்மாஸ்டருக்குரிய அதே நிலைகளை அதே வரிசையில் அடைந்துவிடுகிறான்.

அடைவதில் நமக்கு ஆட்சேபமில்லை. முப்பது வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து ஜனங்களின் ஏச்சையும் பேச்சையும் கேட்டவனுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதே. ஆட்சேபம் அடுத்த ஷரத்தில் இருக்கிறது. பத்து வருஷ உயர்வை ஏற்கெனவே பெற்ற ஒருவனைப் பிறகு லோயர் ஸெலக்ஷன் கிரேடுக்கு உயர்த்தினால், அவன் அந்தச் சம்பள நிலையில் முன்பே இருக்கிறான் என்ற காரணத்தால், பதவி உயரும்போது வழக்கமாகக் கிடைக்க வேண்டிய ஓர் இன்கிரிமெண்டு அவனுக்கு இரண்டாம் முறை கிடையாது. நேற்று வரையில் அவன் குமாஸ்தா. இன்று காலையில் போஸ்ட்மாஸ்டர். சாவி வந்தது, ரொக்கம் வந்தது, நாலு பேருடைய தப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வந்தது, பெரும்பாலும் வெளியூர் மாற்றலும் வந்தது. சம்பளம் மாத்திரம் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேண்டாம் என்று பதவியை மறுத்துவிடலாமே என்றால், அதற்கும் தண்டனை உண்டு. உயர்வுக்குரிய காலம் வருவதற்கு முன் பதவியை மறுத்தவன், அந்தக் கால உயர்வையும் இழக்கிறான். ஏற்றுக்கொண்டால் பொறுப்பு, ஏற்காவிட்டால் நஷ்டம். இதற்குப் பதவி உயர்வு என்று பெயர் வைத்தவர் யாரோ அறியோம்.

இதன் பலனை நாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். விஷயம் தெரிந்த மூத்த சிப்பந்திகள் மேற்பார்வைப் பதவியென்றாலே ஒதுங்குகிறார்கள். இடங்கள் காலியாகின்றன. காலியான இடத்தில், கீழ் நிலையில் உள்ள ஒருவரை, "தற்காலிகமாகப் பார்த்துக்கொள்" என்று உட்கார வைக்கிறார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்குச் சர்க்கார் அகராதியில் உள்ள அர்த்தம் நமது நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2010ஆம் வருஷத்தில் போஸ்ட்மாஸ்டர்களுக்கென்றே பரீட்சை வைத்துத் தனி வரிசை ஒன்று ஏற்படுத்தினார்கள். நல்ல யோசனையாகவே தோன்றிற்று. சில வருஷங்களில் அதைக் கலைத்துப் பழையபடி பொது வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள். பரீட்சை எழுதித் தேறினவர்கள் நடு ஆற்றில் ஓடம் மாற்றப்பட்டவர்கள் ஆனார்கள்.

இது நிற்க. சம்பளம் உயராத இடத்தில் பொறுப்பு எவ்வளவு தூரம் உயர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய சர்க்கார் சிப்பந்திகளின் ஒழுங்கு நடவடிக்கைக்கான 1965ஆம் வருஷத்து விதிகளில், ஒருவனுடைய அஜாக்கிரதையால் சர்க்காருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அவன் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. விதி நியாயமானதே. தபால் இலாகாவில் அது நடைமுறையில் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே கேள்வி. ஒரு கிராமத்தில் ஒருவன் சேமிப்புப் பணத்தைக் கையாடிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையாடினவன் அகப்பட்டாலும் அவனிடம் பணம் அகப்படுவதில்லை. அப்பொழுது இலாகா மேலே பார்க்கிறது. அந்தக் கிராமத்துக் கணக்கை வாங்கின போஸ்ட்மாஸ்டர் யார், இடையில் லீவுக்குப் பதிலாக நாலு நாள் உட்கார்ந்தவர் யார், போய்ப் பார்வையிட்டவர் யார் என்று பட்டியல் தயாராகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றப்பத்திரிகை; தவணை முறையில் பிடித்தம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "உடந்தை அஜாக்கிரதை."

சட்டப் புஸ்தகத்தைப் புரட்டின பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் சிறிது சிரிப்பை உண்டாக்கும். நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் உடந்தை அஜாக்கிரதை என்பது, நஷ்டம் அடைந்த வாதியே தன் அஜாக்கிரதையால் அந்த நஷ்டத்திற்குத் துணை செய்தான் என்று பிரதிவாதி சொல்லும் எதிர்வாதம். அது நிரூபணமானால் வாதிக்குக் கிடைக்கும் ஈடு குறையும். இங்கே நஷ்டம் அடைந்த வாதி இலாகா. ஆள் பற்றாமல் ஆபீஸை நடத்தியவர் இலாகா. ஒருவன் பார்க்க வேண்டிய வேலையைப் பார்க்க அவகாசம் கொடுக்காதவர் இலாகா. காலியிடத்தை நிரப்பாதவர் இலாகா. உண்மையில் உடந்தை அஜாக்கிரதை யாரிடம் இருக்கிறது என்று கோர்ட்டில் விசாரித்தால், ஈட்டுத் தொகையில் பெரும் பங்கை வாதி தன் பையிலிருந்தே தாங்க வேண்டி வரும். இலாகாவின் கச்சேரியிலோ வாதியே நீதிபதி. ஆகையால் அந்த எதிர்வாதம் வாதியின் கையாயுதமாகிவிட்டது. மோசம் செய்தவனுக்கும், மோசத்தில் பங்கு கொண்டவனுக்கும் நாம் பரிந்து பேசவில்லை என்பதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களை எவ்வளவு கடுமையாகத் தண்டித்தாலும் நமக்குச் சம்மதமே. ஒருவன் திருடினான், வேறொருவன் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்குச் சர்வக்ஞனாயில்லை. இவ்விரண்டையும் ஒரே பேரேட்டில் பற்று எழுதுவது நியாயமல்ல என்பதே நமது வாதம்.

போஸ்ட்மாஸ்டர்களுக்கு மேலேயுள்ள இன்ஸ்பெக்டர்களின் கதை வேறு விதமானது. அதுவும் அறியத் தக்கது. ஐந்தாவது கமிஷனின் அறிக்கைக்குப் பின் தபால் இன்ஸ்பெக்டரும், வருமான வரி இன்ஸ்பெக்டரும், கலால் வரி இன்ஸ்பெக்டரும் 5,500 முதல் 9,000 வரையுள்ள ஒரே விகிதத்தில் இருந்தார்கள். 2004ஆம் வருஷம் ஏப்ரலில் வரி இலாகாக்களின் இன்ஸ்பெக்டர்கள் மாத்திரம் 6,500 - 10,500 விகிதத்துக்கு உயர்த்தப்பட்டார்கள். தபால் இன்ஸ்பெக்டர் இருந்த இடத்திலேயே இருந்தார். 2008இல் ஆறாவது கமிஷன் இந்த விகிதங்களையெல்லாம் ஒன்றாகக் கலந்து, இனி எல்லோரும் சமம் என்றது. சமத்துவம் ஒரு வருஷத்திற்குச் சற்று அதிகமாக நிலைத்தது. 2009 நவம்பர் 13ந் தேதி நிதி மந்திரி காரியாலயம் பிறப்பித்த உத்தரவில், பழைய 6,500 விகிதத்தில் இருந்தவர்களுக்கு மாத்திரம் கிரேடு சம்பளம் 4,200லிருந்து 4,600 ஆயிற்று. தபால் இன்ஸ்பெக்டர் மறுபடியும் 4,200லேயே விடப்பட்டார். வழக்கு எர்ணாகுளத்து நிர்வாகத் தீர்ப்பாயம் வரையில் சென்றது. கடைசியில் ஏழாவது கமிஷன் அவர்களுக்கும் 4,600க்குச் சமமான நிலையையே சிபாரிசு செய்தது. இன்று புதிதாக ஆள் எடுக்கும் விளம்பரங்களில் அவர்களும் வரி இன்ஸ்பெக்டர்களோடு ஏழாம் நிலையிலேயே காணப்படுகிறார்கள். நல்லது. ஆனால் ஒரே பரீட்சை எழுதி, ஒரே பட்டியலில் தேறி, ஒருவன் வரி இலாகாவுக்கும் மற்றவன் தபால் இலாகாவுக்கும் போனான் என்ற ஒரு காரணத்திற்காகப் பத்து வருஷத்திற்கு மேல் தாழ்ந்து கிடந்தவர்களுக்கு, அந்தப் பத்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

சம வேலைக்குச் சம கூலி என்பது நமது அரசியல் சட்டத்தின் 39ஆவது ஷரத்தில் வழிகாட்டும் தத்துவமாக எழுதப்பட்டிருக்கிறது. 1982இல் ரண்தீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு உயிர் கொடுத்தது. பின்னால் வந்த தீர்ப்புகளில் அதே கோர்ட்டு, எந்த வேலைக்கு எது சமம் என்று நிறுத்துப் பார்ப்பது சம்பளக் கமிஷன் போன்ற நிபுணர் சபைகளின் வேலை என்று பல முறை சொல்லிவிட்டது. கோர்ட்டு கமிஷனைக் காட்டுகிறது. கமிஷன் சிபாரிசு செய்கிறது. சிபாரிசை நிதி இலாகா நறுக்குகிறது. குறையாளி மறுபடியும் கோர்ட்டுக்கு வருகிறான். பத்து வருஷத்திற்கு ஒரு தடவை இந்தச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிகிறது. ஆகையால் கமிஷனிடமே விஷயத்தை முழுவதும் தீர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று போஸ்ட்மாஸ்டர்களுக்குச் சொல்லுவோம்.

பழைய சரித்திரத்தையும் சிறிது ஞாபகப்படுத்திக்கொள்வது நல்லது. அந்நிய ஆட்சியில் 1912ஆம் வருஷத்தில் நியமனமான இஸ்லிங்டன் கமிஷன், தகுந்த ஆட்களை வேலைக்கு இழுக்கவும், அவர்கள் ஆசைக்கு இடம் கொடாமல் கண்ணியமாக வாழவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்தால் போதும், அதற்கு மேல் கூடாது என்று ஒரு சூத்திரம் வகுத்தது. எஜமானன் வேலைக்காரனைப் பார்க்கும் பார்வை அது. அந்தச் சூத்திரம் கீழ் வகுப்பாருக்குப் பொருந்தாதென்று முதன்முதல் துணிந்து சொல்லி, ஜீவனத்துக்குப் போதுமான கூலி என்ற கொள்கையைச் சர்க்கார் சம்பளத்தில் நுழைத்தவர் ஒரு தமிழர். பெடரல் கோர்ட்டு நீதிபதியாயிருந்த ஸர் ஸ்ரீநிவாஸ வரதாச்சாரியார் தலைமையில் 1946இல் நியமிக்கப்பட்ட முதல் கமிஷன், 1947 மே மாதத்தில், அதாவது சுதந்திரத்துக்கு மூன்று மாதத்துக்கு முன், கடைசிச் சிப்பந்திக்கும் 30 ரூபாய் சம்பளமும் 25 ரூபாய் பஞ்சப்படியும் ஆக 55 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்று சிபாரிசு செய்தது. ஐந்தாவது கமிஷனுக்குத் தலைமை வகித்த ஜஸ்டிஸ் ரத்னவேல் பாண்டியனும் தமிழரே.

அந்த முதல் கமிஷன் வேலை செய்துகொண்டிருக்கையில்தான், 1946 ஜூலை 11ந் தேதி, தேச முழுவதும் தபால்காரர்களும் கீழ்த்தரச் சிப்பந்திகளும் வேலை நிறுத்தம் செய்தார்கள். கடிதமில்லை, மணியார்டரில்லை. ஜூலை 29ந் தேதி கல்கத்தா நகரமே அவர்களுக்காக வேலை நிறுத்தம் செய்தது. பணம் வராமல் தவித்த ஜனங்களே தபால்காரர் பக்கம் நின்றது அந்தக் காலத்துத் தேசிய உணர்ச்சிக்கு ஓர் அத்தாட்சி. அந்நியன் கல்லாப் பெட்டியைத் திறக்க வைக்க வேலை நிறுத்தம் வேண்டியிருந்தது. நமது சர்க்காரிடம் அது வேண்டியிராது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். 1960 ஜூலையில், இரண்டாவது கமிஷனின் அறிக்கையினால் திருப்தியடையாத மத்திய சர்க்கார் சிப்பந்திகள் ஐந்து நாள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவசரச் சட்டம் பிறப்பித்து அதை அடக்கியதும் நமது சர்க்கார்தான். மறைக்க வேண்டியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் வேறொரு நினைவும் வருகிறது. மேகத்தைத் தூது அனுப்பிய கோதை பிறந்த ஊர் அது. மேகத்துக்குச் சம்பளமில்லை, பஞ்சப்படியில்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை. நமது தபால் இலாகாவின் மேலிடத்தார் தம் சிப்பந்திகளையும் அந்த ஜாதியில் சேர்த்துவிட்டார்களோ என்று சில சமயம் சந்தேகம் தோன்றுகிறது.

மறுபக்கத்து வாதங்களையும் நாம் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. தபால் இலாகா வரவுக்கு மேல் செலவு செய்கிறது. கடிதம் எழுதும் வழக்கமே குறைந்துவிட்டது. இந்த நிலையில் சம்பளத்தை உயர்த்தக் கேட்பது நியாயமா என்று கேட்பவர் உண்டு. கடிதம் குறைந்தது மெய். ஆனால் போஸ்ட்மாஸ்டரின் வேலை குறையவில்லை. 1880இல் மணியார்டரும் 1882இல் சேவிங்ஸ் பாங்கியும் வந்த நாள் முதல் அவன் பாதிப் பாங்கிக்காரன். 2018 செப்டம்பரில் தபால் பேமெண்ட்ஸ் பாங்கி ஏற்பட்ட பிறகு முக்கால் பாங்கிக்காரன். அவன் சேர்த்துக் கொடுக்கும் சிறுசேமிப்புப் பணத்தைச் சர்க்கார் கடனாக எடுத்துத் தம் காரியங்களுக்கு உபயோகிக்கிறார்கள். நஷ்டக் கணக்கைப் பேசும்போது தபால் இலாகா. பணம் எடுக்கும்போது நிதி இலாகா! தவிரவும், லாபமில்லாத கிராமத்தில் ஆபீஸ் வைத்திருப்பது ஜனங்களுக்காகச் சர்க்கார் மேற்கொண்ட தர்மம். அந்தத் தர்மத்தின் செலவை ஒரு போஸ்ட்மாஸ்டரின் இன்கிரிமெண்டிலிருந்து பிடிக்கலாமென்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

கால உயர்வுத் திட்டங்களைக் கேட்டு வாங்கியவர்கள் சிப்பந்திச் சங்கத்தார்தானே என்பது இரண்டாவது வாதம். இது ஓரளவு உண்மை. 1983இல் பதினாறு வருஷத்துக்கு ஓர் உயர்வும், 1991இல் இருபத்தாறு வருஷத்துக்கு இன்னொன்றும் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள். சம்பளம் ஒரு பக்கமும் பதவி ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவதை அப்போது எண்ணிப் பார்த்தவர் சிலரே. அதனால் என்ன? பழைய திட்டத்தை ரத்துச் செய் என்று யாரும் கேட்கவில்லை. அதில் உள்ள ஓட்டையை அடை என்றுதான் கேட்கிறார்கள்.

மேற்பார்வைச் சிப்பந்திகளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு சங்கம், போஸ்ட்மாஸ்டர்களுக்கு ஒரு சங்கம், குமாஸ்தாக்களுக்குப் பல என்று பிரிந்து நின்று, ஒருவருடைய மகஜரை மற்றவர் மகஜர் வெட்டும்படி செய்வது கோரிக்கைக்கு நன்மையல்ல. அதைவிட முக்கியமானது வேறொன்று. சிறு ஊர்களுக்கு அப்பாலுள்ள குக்கிராமங்களில் கிளைத் தபாலாபீஸை நடத்துகிறவர்கள் கிராமத் தபால் ஊழியர்கள். அவர்களுக்கும் போஸ்ட்மாஸ்டர் என்றே பெயர். 1977இல் ராஜம்மா வழக்கில், அவர்கள் வகிப்பது சர்க்கார் பதவியே என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆயினும் சம்பளக் கமிஷனின் வாசலுக்கு உள்ளே அவர்கள் விடப்படுவதில்லை. அவர்களுக்கென்று தனிக் கமிட்டி. கமலேஷ் சந்திரா கமிட்டியின் சிபாரிசு தாமதப்பட்டதால் 2018 மே மாதத்தில் அவர்கள் இரண்டு வாரம் வேலையை நிறுத்தினார்கள். பிறகு அவ்வருஷம் ஜூலை முதல் கிளைப் போஸ்ட்மாஸ்டருக்கு, நாள் ஒன்றுக்கு நாலு மணி வேலைக்கு மாதம் 12,000 ரூபாய், ஐந்து மணி வேலைக்கு 14,500 ரூபாய் என்று ஆரம்ப விகிதம் ஏற்பட்டது. கூட வேலை செய்கிறவருக்கு உதவிக் கிளைப் போஸ்ட்மாஸ்டர் என்ற பட்டமும் கிடைத்தது. பட்டம் கொடுப்பதில் நமது இலாகா எப்போதுமே தாராளம். தங்களுக்கு நியாயம் கேட்கும் போஸ்ட்மாஸ்டர்கள், தங்களுக்குக் கீழே நின்று அதே பெயரைச் சுமக்கும் இவர்களையும் கோரிக்கையில் சேர்த்துக்கொண்டால் அவர்களுடைய குரலுக்குப் பலம் உண்டாகும். கிராம ஜனங்களின் அனுதாபமும் தானே வரும். ஜன்னலில் வந்து நிற்கும் குடியானவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் அந்த அனுதாபத்திற்கு உதவும். சில ஆபீஸ்களில் அது அரிதாயிருக்கிறது என்று சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1898ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் போய், 2023இல் இயற்றப்பட்ட புதிய தபாலாபீஸ் சட்டம் 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. கம்ப்யூட்டர்களும் புதியன, பெயர்ப் பலகையும் புதிது. இவ்வளவு புதுமைக்குச் செலவிட்ட சர்க்கார், எட்டாவது கமிஷன் மூலம் இந்தப் பழைய பிணக்கையும் தீர்த்துவிடுவது கஷ்டமன்று. கால உயர்வு பெற்றவனாயினும் மேற்பார்வைப் பதவியை ஏற்கும் தினத்தில் ஓர் இன்கிரிமெண்டு கிடைக்கும்படி விதியைத் திருத்த வேண்டும். ரொக்கத்தையும் சாவியையும் காக்கிறவனுக்கு, ஆபீஸின் அளவுக்குத் தக்கபடி பொறுப்புப் படி ஒன்று தனியாக ஏற்படுத்த வேண்டும். பதவி காலியாயிருக்கும்போது அதைப் பார்க்கிறவனுக்கும், அவன் எந்த நிலையில் உள்ளவனாயினும், பார்க்கும் நாட்களுக்கு அது சேர வேண்டும். பிறன் கையாடிய பணத்துக்காக மேற்பார்வையாளன் சம்பளத்தில் கை வைக்குமுன், அந்த ஆபீஸில் அனுமதிக்கப்பட்ட ஆட்கள் எத்தனை, உண்மையில் வேலை செய்தவர் எத்தனை என்பதை இலாகாவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி யோசனைக்குக் கமிஷன் வரும் வரையில் காத்திருக்கவே வேண்டியதில்லை. தபால் போர்டார் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம். அதை நாளைக்கே செய்யட்டும்.